நாற்பத்து மூன்று கிலோ

அவள் செருப்போடும் ஜெர்கினோடும் தராசில் ஏறி நின்றாள்.

முள் ஆடியது. பிறகு நின்றது.

நாற்பத்து மூன்று.

"பாத்தியா அம்மிணி, அப்படியே நிக்குது," என்றார் அவள் கணவர்.

எதிரே யானைக் கூட்டம் ஒன்று குட்டிகளோடு போய்க்கொண்டிருந்தது. கடல் தாண்டி ஆப்பிரிக்கா வந்ததே அவற்றைப் பார்க்கத்தான். அவர் கண்ணுக்கு அந்த முள் மட்டும்தான் தெரிந்தது.

நான்கு பேர் உட்காரும் குட்டி விமானம். ஒவ்வொரு காட்டிலிருந்தும் கிளம்பும்போது விமானி புல்தரையில் தராசை வைத்து எல்லோரையும் எடை போடுவான். உடுத்தியிருப்பதோடு, கையில் இருப்பதோடு. அவனுக்கு அது கணக்கு.

அவருக்கு அது உயிர்.

கோயமுத்தூர் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆசைப்பட்ட இடத்துக்குக் கூட்டிப்போய் வாருங்கள். திரும்பும்போது நாற்பத்து மூன்றுக்குக் கீழே இறங்காமல் இருந்தால் இன்னொரு மருந்து கொடுத்துப் பார்க்கலாம். இறங்கியிருந்தால் வேண்டாம்.

கடைசி வார்த்தையை மட்டும் அவர் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

முதல் காட்டில் நாற்பத்து மூன்று. இரண்டாவதிலும் அதே. இதோ, மூன்றாவது.

அவள் சாப்பிட்டது என்னவோ வேளைக்கு இரண்டு கரண்டி கஞ்சி. அதிலும் ஒன்று வெளியே வந்துவிடும். காட்டுக் காற்றுதான் உடம்பைத் தாங்குகிறது என்று அவரே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். ஆசை யாரை விட்டது.

ஈரோட்டில் அவருக்கு மஞ்சள் மண்டி. முப்பது வருடத் தொழில். மூட்டைக்குள் கல்லைப் போட்டுக் கொண்டுவருகிற ஆட்கள் எந்தக் காலத்திலும் உண்டு. அவரிடம் அது பலிக்காது. மூட்டையின் காதைப் பிடித்துச் சற்றுத் தூக்கினாலே சொல்லிவிடுவார். "கல்லை எடுத்துட்டு வாங்க, அப்புறம் வெலை பேசலாம்."

நான்காவது காடு. கடைசி. இதற்குப் பிறகு நைரோபி, ஊர், டாக்டர்.

விமானி தராசை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். ஓடுதளத்தில் நின்ற வரிக்குதிரைகளை ஒருவன் ஜீப்பில் விரட்டிக்கொண்டிருந்தான்.

அவள் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றாள். விடுதிப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் தன் ஜெர்கினைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்துவிட்டு நடந்தாள்.

ஜெர்கினைக் காலரைப் பிடித்து வாங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

கைக்குத் தெரிந்துவிட்டது.

உள்பையில் இரண்டு கற்கள். ஒன்று கறுப்பு, வழவழப்பானது. இரண்டாவது காட்டில் ஆற்றங்கரையில் அவள் வெகுநேரம் குனிந்திருந்தாள். செருப்பில் மணல் என்றாள். இன்னொன்று செம்மண் ஒட்டிய கல். அது நேற்று முன்தினம் யானை பார்த்த இடத்து மண்.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஒன்றரைக் கிலோ. ஐம்பது கிராம் கூடலாம், குறையலாம்.

கற்களை இறுக்கிப் பிடித்தார். கோபமா அழுகையா என்று தெரியவில்லை. யாரை ஏமாற்றுகிறாள். டாக்டரின் தராசில் ஜெர்கினைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். அது அவளுக்கும் தெரியும்.

பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அவள் டாக்டரை ஏமாற்றவில்லை.

இந்தக் காட்டுக்கான மூன்றாவது கல்லுக்காகப் பையைத் துழாவினார். இல்லை.

இந்தக் காட்டுக்கு வந்து இரண்டு நாள். இரண்டு நாளும் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. குனிவது எங்கே.

கழிப்பறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அவர் குனிந்தார். காலடியில் எல்லாம் பொடிக் கற்கள். விமானத்தின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கற்களில் சின்னதை எடுத்தார். விமானி பார்த்தான். தராசின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மூன்றையும் உள்பையில் போட்டுப் பித்தானை மாட்டினார்.

அவள் வந்தாள். தோளில் ஜெர்கினைப் போர்த்திவிட்டார். கனம் தாளாமல் லேசாகச் சாய்ந்தவளைப் பிடித்துக்கொண்டார்.

தராசில் ஏறினாள். இந்த முறை அவளும் தலை குனிந்து முள்ளைப் பார்த்தாள்.

ஆடியது. நின்றது.

அவள் நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"ஏனுங்க, எறங்கலீங்களா?"

"இல்ல அம்மிணி. அப்படியேதான் இருக்குது."

விமானம் எழும்பியது. கீழே வரிக்குதிரைகள் மறுபடி ஓடுதளத்துக்கு வந்து மேய்ந்தன. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் பித்தான் கழலும் சின்னச் சத்தம்.

அவள் உள்பைக்குள் கைவிட்டாள். ஒன்று, இரண்டு என்று தடவுவது துணிக்கு மேலே தெரிந்தது.

மூன்றாவதில் கை நின்றது.

அவர் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.