நெற்கதிர் போட்ட நோட்ஸ்

“பொண்ணு எத்தனாவது படிக்குதுங்க?” என்று கேட்டார் ஜெராக்ஸ் கடை யூனுஸ்.

“பன்னெண்டாவது,” என்றார் பஞ்சநதம். சொன்ன வாய் லேசாகக் கோணிக்கொண்டது.

யூனுஸ் அதைக் கவனிக்கவில்லை. மாசி மாதம், பரீட்சைக்கு இன்னும் பதினைந்தே நாள். மிஷின் காலையிலிருந்து மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. “கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், பயாலஜி, கணக்கு, தமிழ்… எல்லாம் ஒரே கையெழுத்துங்கய்யா. கதிர் நோட்ஸ்னு பிள்ளைங்களே பேரு வச்சிடுச்சுங்க,” என்று ஒரு செட்டை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார்.

பஞ்சநதம் நோட்ஸ் வாங்க வந்தவரே இல்லை. உளுந்துக்கு மருந்து வாங்க டவுனுக்கு வந்தவர். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டால் எப்பேர்ப்பட்ட ஆளும் நின்றுதான் ஆக வேண்டும், இவரும் நின்றார். பக்கத்தில் சைக்கிளோடு நின்ற இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். படித்தார்கள் என்ன, பாடினார்கள்.

“சோடியம் தண்ணியில துள்ளுதடி ஏலேலோ,
பொட்டாசியம் பொசுக்குன்னு பத்துதடி ஏலேலோ.”

பஞ்சநதம் சட்டென்று திரும்பிப் பார்த்தார். அது அவர் மனைவி வள்ளியம்மை வயலில் பாடுகிற நடவுப் பாட்டின் மெட்டு. அந்த மெட்டில் கெமிஸ்ட்ரியைப் போட்டுப் பாடுகிற கிறுக்கு உலகத்திலேயே ஒருத்திக்குத்தான் உண்டு, அவர் மகள் குந்தவைக்கு. அவள் வெண்ணாற்றோடு போய் ஐந்து வருஷம் ஆகிறது.

இது எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு அந்தப் பெண்கள் இந்தக் கடையைத்தான் கை காட்டினார்கள்.

இப்போது அவர் பக்கத்தைப் புரட்டினார். பாடம் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு நெற்கதிர். ஏழு நெல்மணி, இடப்பக்கம் சாய்ந்த தலை. மூன்றாம் வகுப்பிலிருந்து குந்தவை போடுகிற அதே கதிர். அடுத்த பாடத்திலும் இருந்தது, அதற்கடுத்ததிலும் இருந்தது.

“இத யாரு தம்பி குடுத்தா?”

“யாருன்னே தெரியாதுங்க. வாட்ஸப்ல வரும், நான் போட்டுக் குடுப்பேன். பேரு கிடையாது, போட்டோ கிடையாது. போன் போட்டா எடுக்கிறதும் கிடையாது.”

அதற்குள் ஒரு மாணவி வந்து சைக்கிளை நிறுத்தினாள். “பாய், பேட்டரி பாடம் சேர்ந்த செட்டு ஒண்ணு.”

“சேர்த்தாச்சு பரிதி. கடைசிப் பத்துப் பக்கம். இரு, ஐயாவ அனுப்பிட்டு வர்றேன்.”

“இனிமே இத யாருக்கும் குடுக்காதீங்க தம்பி,” என்றார் பஞ்சநதம்.

“ஏங்கய்யா?”

“இது செத்துப்போன பொண்ணு எழுத்து. எம்பொண்ணு.”

யூனுஸ் மிஷினை நிறுத்தினார். ஐந்து வருஷமாக யாரும் கேட்காத கதையை மனுஷர் அந்த ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று சொன்னார்.

“கீழ்வேளூர்ல மாப்பிள்ளை பாத்து நிச்சயம் பண்ணினேன். பன்னெண்டாவது முடிச்சிக்கிறேம்ப்பான்னு கால்ல விழுந்தா. நோட்டு இருந்தாத்தான படிப்ப, அப்படின்னு அத்தனை நோட்டையும் சாக்குல கட்டி ஆத்துல விட்டேன். ஆடி மாசம், ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டுத் தண்ணி போவுது. மறுநா விடிஞ்சு பாத்தா, அதே படித்துறையில அவ செருப்பு மட்டும் கிடக்கு.”

“அல்லாவே,” என்றார் யூனுஸ் மெல்ல.

“உடம்பு கிடைக்கல தம்பி. கடல் வரைக்கும் தேடினோம். செருப்ப வச்சுத்தான் கருமாதி பண்ணினேன். வள்ளியம்மை ஒரு சொட்டு அழல. அன்னிலேர்ந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினதும் இல்ல. கொன்னவங்கிட்ட என்னன்னு பேசுவா?”

யூனுஸ் அடுக்கில் இருந்த செட்டு முழுவதையும் எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். “எடுத்துக்குங்கய்யா. இனி இத நான் போட மாட்டேன்.”

பரிதியின் முகம் செத்துவிட்டது. பதினைந்து நாளில் பரீட்சை, கையில் வேறு நோட்ஸ் கிடையாது. ஆனாலும் அந்தப் பெரியவர் சொன்னதைக் கேட்டவள் சைக்கிளைத் திருப்பினாள்.

“நில்லும்மா,” என்றார் பஞ்சநதம். மேலே இருந்த செட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். “நீ படி. ஒருத்தி படிப்பக் கெடுத்தது போதும்.”

கொடுத்தாரே தவிர விட மனம் வரவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அங்கே இருந்த கதிரை விரலால் தடவினார். “யாருக்கோ இரவல் குடுத்து மிஞ்சினது போலருக்கு. எம்மவ கடைசியா எழுதினது இதுதாம்மா.”

பரிதி குனிந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“இதுவாங்கய்யா? இந்தப் பேட்டரி பாடமே இந்த வருஷம்தான புத்தகத்துல வந்துச்சு.”