குடிக்காத அமுதம்

திரையில் டிராகன் உறுமித் தீயைக் கக்கியது. நாயகியின் உயிர் ஒரு சொட்டுதான் மிச்சம்.

“அமுதத்தைக் குடிக்க வைம்மா!” பல்லைக் கடித்தார் இயக்குநர் முரனாகா. பின்னால் நிறுவனத் தலைவர் உட்கார்ந்திருந்தார். அவர் தலையசைத்தால்தான் இந்த வீடியோ கேம் ஒசாகா கடைகளுக்குப் போகும்.

“மாட்டேன் சார்,” என்றாள் விளையாடிக் காட்டிக்கொண்டிருந்த ஊழியர் இத்சுகோ. “பதினேழு மூலிகை பறிச்சுக் காய்ச்சினது. இந்தப் பல்லிக்கா செலவழிப்பேன்?”

“இதுதான் கடைசி எதிரி! அப்புறம் யாருக்கு?”

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்!”

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். வெறும் விறகுக்கட்டையாலேயே டிராகனைச் சாய்த்தாள் இத்சுகோ.

“என் மனைவியும் இப்படித்தான், எதையும் செலவழிக்க மாட்டா. வெளியிடுங்க!” என்று எழுந்து போனார் தலைவர்.

“அவர் முன்னாடியே என்னை எதிர்த்துப் பேசறியா?” முரனாகா சீறினார்.

“அதைக் குடிச்சா கேம் அப்படியே நின்னுடும் சார். நேத்து மூணு தடவை சொல்ல வந்தேன், ‘நாளைக்குப் பாக்கலாம், போ’ன்னு விரட்டிட்டீங்க.”