விறகு சுமப்பவர்கள்

அறுவை சிகிச்சை அறைக்கு எதிரே மாட்டியிருந்த பனிக்கால ஓவியத்தையே செண்பகவல்லி பார்த்துக்கொண்டிருந்தாள். கணவனை உள்ளே கொண்டுபோய் நாலு மணி நேரமாகிவிட்டது. படத்தில், வெள்ளைவெளேரென்ற நிலத்தில் நாலு பேர் நீளமாக எதையோ தோளில் சுமந்து போனார்கள்.

“வெறகுதான், அண்ணி. குளிருக்கு எரிக்க,” என்றான் கொழுந்தன் முத்தரசு.

“முன்னால போறவர் கையில சட்டி புகையுதே, தம்பி.”

“அது லாந்தர் விளக்கு.”

விறகென்றால் ஊருக்குள் அல்லவா வர வேண்டும்? இவர்கள் ஊரை விட்டுப் போகிறார்கள். பெண்கள் மட்டும் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். அதற்கப்பால் பனியில் ஆண்களின் காலடிகள்தான்.

கதவு திறந்தது. டாக்டர் முத்தரசை மட்டும் கூப்பிட்டார். கூடவே எழுந்தவளின் பக்கம் திரும்பாமலே அவன் சொன்னான்:

“நீங்க இங்கயே நில்லுங்க, அண்ணி.”