கையில் கொடுக்க வேண்டாம்

"யார் யார் வந்தாங்க, எங்கெங்க உட்கார்ந்தாங்கன்னு முதல்ல எழுதும்மா. விசாரணைன்னா அதுதான் முறை" என்றார் மேனேஜர் சண்முகசுந்தரம்.

சுதா எழுதினாள். மின்விசிறிக்கு நேர் கீழே மேனேஜர். அவருக்கு வலப்பக்கம், கோப்புக் குவியலுக்குப் பின்னால் நிர்வாக அதிகாரி கஜபதி. மேசை முனையில் குறிப்பெடுக்கும் சுதா. எதிரே, பிளாஸ்டிக் நாற்காலியில் எழில். டீ கொண்டுவந்த ஆபீஸ் உதவியாளர் வேலுசாமி கதவோரம் நின்றார். நிற்கிறவரை எழுத வேண்டுமா என்று சுதா கேட்டாள். வேண்டாம் என்றார்கள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பம்பு உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியில் எழில் சேர்ந்து மூன்று வருடமாகிறது. அவளை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்யத்தான் இந்தக் கூட்டம்.

கஜபதி பட்டியலை வாசித்தார். "அடையாள அட்டை, ஆறு. லாக்கர் சாவி, நாலு. குடை, மூணு. டிபன் பாக்ஸ் மூடி ஒரு தடவை, பாக்ஸ் ஒரு தடவை. ஹெல்மெட் ஒண்ணு. ஏம்மா, ஹெல்மெட்டை எப்படிம்மா தொலைப்பாங்க?"

"வண்டியோட சேர்த்துத்தான் சார் தொலைச்சேன். ஸ்டேஷன் ஸ்டாண்டுல எங்க நிறுத்தினேன்னு தெரியல. மறுநாள் வண்டி கிடைச்சிடுச்சு."

வேலுசாமி டீ தட்டால் வாயை மறைத்துக்கொண்டார்.

"இது ஏடிஎச்டி சார்" என்றாள் எழில். "கவனம் ஒரு இடத்துல நிக்காது. கையில இருக்கிறதை எங்க வைக்கிறேன்னு மனசுல பதியாது. டாக்டர் சர்டிபிகேட் குடுத்திருக்கேன்."

"எங்க காலத்துல இதுக்கு மறதின்னு பேரு" என்றார் மேனேஜர். "வல்லாரைக் கீரை சாப்பிட்டா சரியாயிடும்."

"சாப்பிட்டேன் சார். அப்புறம் ஒரு நாள் வாங்கின கீரைய எங்க வச்சேன்னு தெரியல. வாசம் வந்த பிறகுதான் தெரிஞ்சுது. பீரோவுல இருந்துது."

கஜபதி கோப்பைப் புரட்டினார். "சர்டிபிகேட் எதுவும் இதுல இல்லையே."

"ரெண்டு தடவை உங்க கையிலதான் சார் குடுத்தேன்."

"அப்போ இருக்கும். பத்திரமா எங்கயோ வச்சிருக்கேன். அதுக்குப் பேரு தொலைக்கிறது இல்லம்மா."

எழில் தன் சிவப்புப் பையிலிருந்து மூன்றாவது நகலை எடுத்துக் கொடுத்தாள். கஜபதி அதைப் படிக்காமல் குவியலின் மேல் வைத்தார்.

"சரி, இதைச் சமாளிக்க என்னதான் பண்றீங்க?" என்று கேட்டார் மேனேஜர்.

"நிறைய பண்றேன் சார். பை சிவப்பா வாங்கினேன், எங்க விட்டாலும் கண்ணுல படும். சாவிய கயித்துல கட்டிப் பையோட முடிஞ்சு வச்சிருக்கேன். பட்டரவாக்கம் ஸ்டேஷன்ல ட்ரெயினை விட்டு இறங்குறதுக்கு முன்னாடி அஞ்சு விரலை மடக்கி எண்ணுவேன். பை, போன், சாவி, டிபன், கார்டு."

"பிறகு ஆறாவது கார்டு எப்படிப் போச்சு?"

"நாலாவது விரல்ல இருக்கும்போது பக்கத்து சீட்டு அம்மா, ‘அம்பத்தூர் போயிடுச்சா’ன்னு கேட்டாங்க சார்."

மேனேஜர் கஜபதியைப் பார்த்தார். கஜபதி மேனேஜரைப் பார்த்தார்.

எழிலின் குரல் இறங்கியது. "இதுக்கு முன்னாடி மூணு கம்பெனியில இருந்தேன் சார். எங்கேயும் ஆறு மாசம் தாண்டல. இங்கதான் நிலைச்சேன். இந்த வேலை எனக்கு வருது சார். என் வேலையில இது வரைக்கும் நான் ஒண்ணைக்கூட…"

"வேலையைப் பத்தி இங்க பேச்சே இல்ல" என்று கையமர்த்தினார் கஜபதி. "பொருளைத் தொலைச்சதைப் பத்திதான் விசாரணை. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

அதன் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆகவே அவளும் பதில் சொல்லவில்லை.

மேனேஜர் சொல்லச் சொல்ல சுதா எழுதினாள். விசாரணை நேர்மையாக நடந்தது. சொந்தப் பொருளையே காக்கத் தெரியாதவர் கம்பெனியின் பொறுப்பான பணிக்குத் தகுதியற்றவர். இம்மாதம் முப்பதாம் தேதியோடு பணிநீக்கம். கால் மணி நேரத்தில் கடிதம் தட்டச்சாகி வந்தது. மேனேஜர் கையெழுத்திட்டார்.

எழில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "குடுங்க சார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறேன்."

கஜபதி கடிதத்தைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உங்க கையிலயா? வாசல் தாண்டுறதுக்குள்ள தொலைச்சிடுவீங்க. அப்புறம் லெட்டரே வரலைன்னு கேஸ் போடுவீங்க. இதெல்லாம் முறைப்படி ஸ்பீட் போஸ்ட்ல உங்க வீட்டுக்கு வரும். நீங்க போகலாம்."

அவள் போன பிறகு அவர் கடிதத்தை மடித்து, எழிலின் திருநின்றவூர் முகவரி எழுதிய உறைக்குள் போட்டு வேலுசாமியிடம் நீட்டினார். "தபால் செக்‌ஷன்ல குடு. இன்னிக்கே போகணும். ஜாக்கிரதை."

வேலுசாமி மாடியிலிருந்து இறங்கினார். தபால் பிரிவு என்பது ஒரு மேசையும் ஓர் ஆளும்தான். உறையை அந்த மேசைமேல் வைத்துவிட்டு அவர் நகராமல் நின்றார்.

"இத்த மட்டுமாச்சும் தொலைச்சுடும்மா" என்றார் மெதுவாக. "நா ஒண்ணியும் பாக்கல."

எழில் உறையின் வாயில் பசை தடவி ஒட்டினாள். மூன்று வருடத்தில் அந்த மேசையிலிருந்து ஒன்றுகூட வழி தவறாமல் போய்ச் சேர்ந்த பதினோராயிரத்து நாற்பத்தொரு கடிதங்களுக்குக் கீழே, பதினோராயிரத்து நாற்பத்திரண்டு என்று பதிவேட்டில் எண் போட்டு, நாலு மணித் தபாலில் அதை அனுப்பிவைத்தாள்.