ஓரத்தில் வந்த பேர்

"யாருட்டி அந்த பாலாஜி?"

மாரிராஜ் கேட்டேவிட்டான். ஒரு வாரமாகத் தொண்டைக்குள் நின்ற கேள்வி.

பாண்டிச்செல்வி லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்க செக்‌ஷன்ல வேல பாக்கிறவரு. எதுக்குக் கேக்கீங்க?"

"தினமும் அவன் பேரு வருதே, அந்த ஸ்கிரீன் ஓரத்துல."

"ஆபீஸ் சர்வர்ல என் ஃபைல யாரு தொட்டாலும் பேரு காட்டும். நெட் கிடைச்சதும் அங்க மாத்தினது இங்கயும் மாறிரும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்.

வல்லக்கோட்டையில் ஒற்றை ரூம் வாடகை வீடு. அவனுக்கு ஒரகடத்தில் லாரி கம்பெனியில் வேலை. அவளுக்குப் பக்கத்திலேயே உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷன். கான்ட்ராக்ட் வேலை. இந்த மாசத்தோடு முடிகிறது. அன்றன்றைய ஃபைல் அரைகுறையாக இருந்தால் திரும்ப எடுக்க மாட்டார்கள். அதெல்லாம் மாரிராஜுக்கும் தெரியும்.

அவனை அரித்தது வேறு. அவனுக்குச் சோறு போட்டுவிட்டு அவள் சாப்பிட மாட்டாள். செல்போன் நெட்டைப் போட்டு, லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். ஓரத்தில் 'பாலாஜி' என்று வந்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், கட்டின புருசனுக்கு அந்த முகத்தை அவள் ஒரு நாளும் காட்டியதில்லை. அதற்கப்புறம்தான் தட்டை எடுப்பாள்.

எந்தப் புருசனுக்கு வயிறு எரியாது?

"நாளையில இருந்து அந்த லேப்டாப்ப வீட்டுக்குக் கொண்டுவராத."

"கொண்டுவரலன்னா எனக்குச் சோறு இறங்காதுங்க."

இதையும் சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு ரசத்தை ஊற்றிப் பிசைந்தாள்.

மறுநாள் டீ பிரேக்கில், கூட வேலை பார்க்கும் இசக்கிதுரையிடம் யாருக்கோ நடந்த மாதிரி விசாரித்தான்.

"அது ஒண்ணுமில்லண்ணே. ரெண்டு பேரும் ஒரே ஃபைல்ல இருப்பாங்க."

"ஒரே ஃபைல்லயா? ரெண்டு பேருமா?"

"ஆமா. இவரு மாத்தினா அவங்களுக்குத் தெரியும், அவங்க மாத்தினா இவருக்குத் தெரியும். மதினிக்கும் அப்படித்தான் இருக்கும், கேட்டுப் பாருங்க."

மாரிராஜுக்குச் சுருக்கென்றது. "எம் பொண்டாட்டிட்ட அந்தப் பேச்சே கிடையாது. அஞ்சரை பஸ்ஸுல ஏறிரணும், இருட்டினப்புறம் வாற பஸ்ஸுல கால் வைக்கப்படாதுன்னு சேந்த அன்னைக்கே சொல்லிட்டேன். இன்னைய வரைக்கும் தப்பினதில்ல. வேலையும் முடிச்சிட்டுத்தான் வாரா. அதுக்குப் பேருதான் திறமை."

சொல்லிவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் நேராக அவள் கம்பெனி கேட்டுக்குப் போனான். எதிர்த்த டீக்கடையில் மறைந்து நின்றான். அஞ்சரை பஸ்ஸில் பாண்டிச்செல்வி ஏறினாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள், போனாள். பாலாஜியைக் காணோம். செக்யூரிட்டியிடம் கேட்டால், "இன்னும் உள்ளதான் கீறாரு" என்றான்.

நன்றாக இருட்டியபின் ஒருவன் தனியாக வந்தான். பார்க்க லட்சணமாக வேறு இருந்தான்.

"பாலாஜியா?"

"ஆமா. நீங்க?"

"பாண்டிச்செல்வி வீட்டுக்காரன்."

வழி முழுக்க மனசுக்குள் தயார் செய்த வசவுகளை மாரிராஜ் எடுப்பதற்குள், பாலாஜி அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, நல்ல வேளை வந்தீங்க. ஒரு உதவி பண்ணுங்க. என் லேப்டாப்ல உங்க வூட்டுக்காரம்மா பேரு வந்துக்கினே கீது. இன்னா மேட்டரு, யாரு அந்தப் பொம்பளைன்னு என் பொண்டாட்டி பெருந்தேவி தினம் ரகளை பண்றா. வேலைன்னா நம்ப மாட்டேன்றா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவா."

மாரிராஜுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. இறங்கிய வேகத்தில் ஆள் பெரிய மனுசனாகவும் ஆகிவிட்டான்.

"இது ஒரு விஷயமா சார்? சந்தேகப்பட்டா குடும்பம் நடத்த முடியுமா? என்னையே பாருங்க, ஒரு நாள் கேட்டிருப்பனா? போன போடுங்க."

போட்டான். மாரிராஜ் வாங்கினான்.

"தங்கச்சி, நான் பாண்டிச்செல்வி வீட்டுக்காரன் பேசுதேன். கண்டதையும் நினைச்சு மனச அலட்டிக்கிடாதீங்க. உங்க வீட்டுக்காரரு தங்கமான மனுசன்."

"சரிண்ணா, நீங்களே சொல்றீங்க, நம்பறேன். ஆனா அந்தம்மா வேலைய இவரு எதுக்கு ஒக்காந்து செய்யணும்? தினம் லேட்டா வராரு. புள்ள தூங்கினப்புறம்தான் அது மூஞ்சியப் பாக்குறாரு" என்றாள் பெருந்தேவி.

நியாயமான கேள்வி. மாரிராஜ் போனைக் கையால் பொத்திக்கொண்டான். "எதுக்கு சார் நீங்க செய்யணும்?"

பாலாஜி தலையைச் சொறிந்தான். "வுடுங்கண்ணா."

"சும்மா சொல்லுங்க."

"கடைசி லாட் பீஸு ஆறு மணிக்கு மேலதான் லைன்ல இருந்து வரும். அளந்து கணக்க ஏத்தினாத்தான் அவங்க ஃபைல் முடியும். வூட்ல இருந்து அளக்க முடியாதே. அதுக்கு நின்னா அடுத்த பஸ்லதான் போவணும். அஞ்சரை பஸ்ஸ வுட்டா வூட்ல பிரச்சினை ஆவும், வுடலன்னா வேலை போவும்னு ஒரு நாள் அழுதுட்டாங்க. நான் நின்னு ஏத்திடறேன், நீங்க கெளம்புங்கன்னு சொன்னேன். ஏத்திட்டேனான்னு வூட்லருந்து பாத்துக்கினே இருப்பாங்க, பாவம்."

போனில் பெருந்தேவியின் குரல். "அண்ணா, கேக்குதா? இவரு தினம் லேட்டு யாரால?"

மாரிராஜ் போனைக் காதில் வைத்தான்.

"என்னாலதான், தங்கச்சி."