குருத்தோலைத் தொப்பி

பைக்குள் கத்திரிக்கோல் இருக்கிறதா என்று தேபாயெரு மூன்றாவது தடவையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இருந்தது. ஆலயத்துக்குள் எல்லோரும் உட்கார்ந்தாயிற்று; வெளியே இரண்டாவது மணி அடித்து ஓய்ந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் நூரோவா பார்த்துவிட்டாள்.

“அண்ணி, பைபிள் வைக்கிற பையில கத்திரிக்கோல் எதுக்கு?”

“முன்னாடி பாரு, தெரியும்.”

முன்னால் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். முறம் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் குருத்தோலைத் தொப்பி, சுற்றிலும் குட்டிக் குட்டிச் சிப்பிகள். அதற்கு அந்தப் பக்கம் போதகர் நிற்கிறாரா, வீட்டுக்குப் போய்விட்டாரா என்பதே தேபாயெருவுக்குத் தெரியவில்லை.

தொப்பிக்காரி பெயர் அகாய்த்தி. முப்பது வருஷம் நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தில் குடித்தனம் நடத்தி, புருஷன் செத்த பிறகு ஆறு மாதம் முன்பு சொந்த ஊரான இந்த மங்காயா தீவுக்கே திரும்பி வந்தவள். வந்த முதல் ஞாயிறு எங்கெங்கோ மாறி மாறி உட்கார்ந்து பார்த்தாள். இரண்டாவது ஞாயிறு தேபாயெருவுக்கு நேர் முன்னால் வந்து உட்கார்ந்தவள்தான், நகரவே இல்லை.

“நானும் மரியாதையாத்தான் சொன்னேன். ‘கொஞ்சம் தள்ளி உக்காருங்க’ன்னு எத்தனை வாரம்! திரும்பிப் பாத்தாளா? ஆக்லாந்துத் திமிரு!”

“அப்ப நீங்க எடம் மாறிக்குங்க.”

“மாறலையா? போன மாசம் ஜன்னலோரம் போனேன். அடுத்த வாரமே அங்கயும் வந்து எனக்கு முன்னாடி குந்திக்கிட்டா. இத்தனை பெஞ்சு காலியாக் கெடக்கு, என் மூஞ்சிக்கு முன்னாலதான் அவளுக்கு எடமா? வேணும்னே பண்றா, நூரோவா.”

“அதுக்காக? அவங்க அம்மா கையால பின்னுன தொப்பியாம் அது. சபை மூப்பர் பாத்தாருன்னா உங்களைப் பாட்டுலேருந்தே தூக்கிருவாரு.”

அது தேபாயெருவுக்குச் சுருக்கென்றது. தீவிலேயே பெரிய தொண்டை அவளுடையது. எந்த ஞானப்பாட்டானாலும் முதல் அடியை அவள் தனியாக எடுத்துக் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் மற்றப் பெண்கள் சேருவார்கள், ஆண்கள் அடித்தொண்டையில் இடி இடிப்பார்கள். இருபது வருஷமாக அப்படித்தான். அது போனால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை.

“தூக்கட்டும். இன்னிக்கு இந்தத் தொப்பிக்கு ஒரு முடிவு கட்டுறேன். அதுக்கப்புறமும் நகரலைன்னா, நான் வீட்டுலயே ஜெபம் பண்ணிக்கிறேன். இங்க வந்து கும்பலா உக்காந்தாத்தான் கர்த்தருக்குக் கேக்குமோ?”

“நீங்க அடுப்படில முனகுனாலே பக்கத்து ஊருக்குக் கேக்குது. கர்த்தருக்கா கேக்காது?”

போதகர், “ஜெபம் பண்ணுவோம்” என்றார். எல்லாக் கண்களும் மூடின, இரண்டைத் தவிர.

தேபாயெரு முன்னால் குனிந்தாள். பார்ப்பவர்களுக்கு அது பக்தி.

நறுக்!

அமைதியாக இருந்த ஆலயத்தில் தகரம் கிழிந்த மாதிரி இருந்தது அது. ஒரு சிப்பி தெறித்து சிமெண்ட் தரையில் உருண்டு ஓடியது. பின்வரிசையில் யாரோ ஒருத்தி களுக்கென்று வந்த சிரிப்பை விழுங்கினாள். அந்தக் கோடியில் மூப்பர் ஒற்றைக் கண்ணைத் திறந்து தேடினார்.

அகாய்த்தியின் தோள்கூட அசையவில்லை.

தேபாயெருவின் கையில் தொப்பி விளிம்பு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு. வெட்டின இடம் வழியாகப் பல வாரங்களுக்குப் பிறகு போதகரின் முகம் பளிச்சென்று தெரிந்தது. அவர் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாட்டு நாற்பத்தேழு” என்றார் போதகர், கொஞ்சம் காரமாகவே.

எல்லோரும் எழுந்தார்கள். தேபாயெரு வாயைத் திறந்தாள். கைக்குள் அந்தத் துண்டு மெத்தென்று இருந்தது, நூல் நூலாகக் கிழித்து நெருக்கிப் பின்னிய ஓலை. எத்தனை மாதம் உட்கார்ந்து பின்னியிருப்பாள் அந்தத் தாய்! பாட்டு வரவில்லை. காற்றுதான் வந்தது.

“ஆரம்பிங்க அண்ணி!” நூரோவா முழங்கையால் இடித்தாள். ஆண்கள் பக்கம் ஒருவர் இருமினார். “என்ன, இன்னிக்கு ரேடியோ ரிப்பேரா?” என்றது ஒரு குரல். மூப்பர் பெஞ்சுகளைத் தாண்டி இவர்களை நோக்கி வர ஆரம்பித்தார்.

அப்போதுதான் அகாய்த்தி திரும்பினாள். தேபாயெருவின் முகத்தைப் பார்த்தாள், மடியிலிருந்து நழுவிக் காலடியில் கிடந்த கத்திரிக்கோலைப் பார்த்தாள், கையில் இருந்த துண்டைப் பார்த்தாள். மெல்லத் தன் தொப்பியின் பின்பக்கத்தைத் தடவினாள்.

“ஆமா, நான்தான் வெட்டுனேன்!” தேபாயெரு சீறினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. “திட்டணும்னா திட்டுங்க! அறையணும்னா அறைங்க! எதுக்கு இப்படிப் பாக்குறீங்க?”

அகாய்த்தியின் பார்வை அவள் உதட்டிலேயே நின்றது. பிறகு கையை எடுத்துத் தேபாயெருவின் தோளில் வைத்து, பக்கத்தில் குனிந்து, ரகசியம் சொன்னாள். அந்த ரகசியம் கடைசி பெஞ்சு வரை கேட்டது.

“தொப்பி கெடக்கட்டும். நீ பாடும்மா, உன் குரல் ஒண்ணுதான் என் காதுல விழுது.”