இல்லத்தில் ஒரு கட்டில்

"பூட்டை உடைங்க!" என்றார் அதிகாரியம்மா.

முதியோர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குக் கொடுத்த அதிகாரம் அது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. கூட வந்த போலீஸ்காரர் கம்பியை எடுத்தார்.

அதற்குள் தெருவே கூடிவிட்டது. அடுத்த வீட்டில் என்ன கஷ்டம் என்று ஒரு நாளும் கேட்காத தெரு, போலீஸ் வண்டி வந்தால் மட்டும் வாசலுக்கு வந்துவிடும்.

உள்ளே ஒரே அறை. கட்டிலில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஒரு கை துண்டால் கட்டிலோடு கட்டப்பட்டிருந்தது.

"பஸ் வந்துடுச்சா?" என்று அதிகாரியம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

போனில் புகார் சொன்ன பெண் கொஞ்சமும் மிகைப்படுத்தவில்லை. 'காலைல அம்மாவைக் கட்டிப் போட்டு, வெளியே பூட்டிட்டுப் போறா மேடம். சீக்கிரம் வாங்க' என்று சொல்லிவிட்டு, பெயரைக் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

கட்டை அவிழ்த்தார். துண்டுக்கு அடியில் மெத்தென்று பஞ்சு வைத்துச் சுற்றியிருந்தது. தடம் விழுந்தால் மாட்டிக்கொள்வோமே என்ற முன்யோசனை! என்ன சாமர்த்தியம் என்று பல்லைக் கடித்தார்.

மகளுக்கு ஆள் போனது. மூச்சிரைக்க ஓடி வந்தாள். பின் தெருவில் ஒரு வசதியான வீட்டில், படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாளைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அதைக் கேட்டதும் அதிகாரியம்மா பொங்கிவிட்டார்.

"ஊரார் அம்மாவுக்குச் சம்பளத்துக்கு ஊட்டிவிடுவே. பெத்தவளைக் கட்டிப் போடுவியா?"

"ஆமா மேடம்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"மத்தியானம் சாப்பாடு?"

"கொடுக்க மாட்டேன்."

மாடி வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "பொய் சொல்றா மேடம்! மத்தியானம் ஓட்டமா ஓடி வந்து ஊட்டிட்டுப் போவா. இந்தம்மாவுக்கு மறதி வியாதி. ஒரு நாள் அடுப்பைத் திறந்துவிட்டுட்டு நடுரோட்டுல போய் நின்னுட்டாங்க. லாரிக்காரன் பிரேக் போட்டதால பிழைச்சாங்க. அதுக்கப்புறம்தான்..."

"நீங்க சும்மா இருங்க சார்," என்றாள் மகள். "நான் கொடுமைதான் பண்ணினேன். அப்படியே எழுதிக்கோங்க மேடம்."

கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா? அதிகாரியம்மா மளமளவென்று எழுதினார்.

"அம்மாவை இன்னிக்கே அரசு இல்லத்துல சேர்க்கிறோம். உன் மேல கேஸ். அது முடியற வரைக்கும் நீ அந்தப் பக்கம் வரக் கூடாது."

"பார்க்கக்கூடவா?"

"வாசலுக்குக்கூட வரக் கூடாது. சட்டம்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. சட்டென்று குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்துக் கொடுத்தாள்.

துவைத்து மடித்த துணிகள். காலைக்கு, ராத்திரிக்கு என்று பிரித்துக் கட்டிய மாத்திரைகள். மேலே ஒரு சின்னத் தலையணை.

"அது இல்லாமத் தூங்க மாட்டாங்க மேடம். பல்லு இல்லை, எதைக் கொடுத்தாலும் மசிச்சுக் கொடுக்கச் சொல்லுங்க. 'பஸ் வந்துடுச்சா'ன்னு கேட்டா 'இதோ வருது'ன்னு சொன்னாப் போதும். சமாதானம் ஆயிடுவாங்க."

அதிகாரியம்மா பையையே பார்த்தார்.

"நாங்க வருவோம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"போன் பண்ணினது நான்தான் மேடம்."

"நீயேவா? எதுக்கு?"

"போன மாசம் உங்க ஆபீஸுக்கு வந்தேன். வேலைக்குப் போற நேரத்துக்கு மட்டும் அம்மாவைப் பார்த்துக்க ஓர் இடம் கேட்டேன். 'கொடுமைக்கு ஆளானவங்களுக்குத்தான் இல்லத்துல இடம். உங்கம்மாவுக்கு என்ன, தங்கமாப் பார்த்துக்கிற பொண்ணு இருக்கே'ன்னு நீங்கதான் சொல்லி அனுப்பினீங்க."

அதிகாரியம்மா அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தார். மேஜைக்கு எதிரே நின்ற அதே முகம். அன்றைக்கு இப்படி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.

"கேஸ் வேண்டாம்மா. நான்... மேலே பேசிப் பார்க்கிறேன்," என்று எழுதிய தாளைக் கிழிக்கப் போனார்.

மகள் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிழிச்சுடாதீங்க மேடம்! நான் நல்லவள்னு தெரிஞ்சா அம்மாவைத் திருப்பி அனுப்பிடுவாங்க."